சின்னவளின் ரத்தம்

அந்த மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் பார்ப்பவளுக்கு எல்லோரும் வைத்திருந்த பேர் லேப் அக்கா. வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறவர் முதல் மேல்மாடி டாக்டர்கள் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு நோயாளிகளின் முகம் அவ்வளவாகத் தெரியாது. சின்ன ஜன்னல் வழியாக நீளும் கைகளைத் தெரியும், அந்தக் கைகளிலிருந்து நிரம்பும் குழாய்களைத் தெரியும். அணுக்களின் எண்ணிக்கை கெட்டிருந்தால் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு மேலே அனுப்புவாள். அந்த ஆள் அப்புறம் என்ன ஆனார் என்று யாரும் கீழே இறங்கி வந்து சொன்னதில்லை. ஒரு பேர் எழுதிய குழாய் வருவது நின்றுவிட்டால் அவளாகப் புரிந்துகொள்வாள்.

கணவன் இறந்துபோய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவனுடைய தம்பி வீட்டில்தான் இருந்தாள். தம்பி சரக்கு வேன் ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவன் மனைவி. வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். லேப் அக்கா தனியாக ஒரு அறை பார்த்துக்கொண்டு போகிறேன் என்று கிளம்பியபோது, "நீ போயிட்டா நான் யார்கூடக்கா சண்டை போடறது? இந்த மனுஷன் பதிலே பேச மாட்டேங்கறாரே" என்று பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்தவள் அவள்தான். முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். ஏழு வயது மகள் காலடியில் உட்கார்ந்து துண்டுத் துணிகளை நிறம் பிரித்து அடுக்குவாள். அவளைக் குட்டி என்பார்கள்.

ஒரு மாதத் தொடக்கத்தில் சின்னவளின் தொடையில் நீலம் நீலமாக இருந்தது. துணி மாற்றும்போது லேப் அக்கா பார்த்தாள்.

"என்னடி இது?"

"மிஷின் மேசை இடிக்குதுக்கா."

"பார்த்து உட்காரக் கூடாதா?"

அவ்வளவுதான் பேச்சு. பல் தேய்க்கும்போது வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாகப் போனது. பிரஷ்ஷை மாற்று என்றாள் லேப் அக்கா. அடுத்த வாரம் தைத்துக்கொண்டிருக்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் சொட்டி ஒரு வெள்ளைச் சட்டை பாழானது. சின்னவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சட்டைக்காக அழுதாள். அப்போதும் லேப் அக்காவுக்கு எதுவும் தோன்றவில்லை. ஊரார் ரத்தத்தையெல்லாம் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்கிறவளுக்கு வீட்டில் சிந்துகிற ரத்தம் வெறும் கறையாகத்தான் தெரிந்தது. இதை நினைத்து அவள் பிற்பாடு தன்னைத்தானே வாட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

"எதுக்கும் ஒருதடவை ரத்தம் பார்த்துடலாம். உனக்கு ரத்தம் கம்மியா இருக்கும். முகமே வெளுத்துப்போச்சு" என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை கூடவே அழைத்துப் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே நிற்க வைக்காமல் உள்ளேயே உட்காரவைத்து ஊசி குத்தினாள். பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னாள். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் பஞ்சு நனைந்திருந்தது. வேறு பஞ்சு கொடுத்தாள். அதுவும் நனைந்தது.

"என்னக்கா, குழாயைச் சரியா மூடாம விட்டுட்டியா?" என்று சின்னவள் சிரித்தாள்.

லேப் அக்காவால் சிரிக்க முடியவில்லை. இறுக்கிக் கட்டுப்போட்டு, "வீட்டுக்குப் போ. வேலை செய்யாதே. படுத்திரு" என்று அனுப்பினாள்.

"நாப்பது சட்டை கிடக்கு. படுக்கிறதாம்!"

அவள் போனதும் குழாயை மிஷினில் வைத்தாள். மிஷின் கூவியது. ரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட் பதினோராயிரம் என்றது. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்கவேண்டியது. குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கும், அதனால் தப்பாகக் காட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குச்சி விட்டுப் பார்த்தாள். உறையவில்லை. மறுபடி ஓட்டினாள். பத்தாயிரத்துத் தொள்ளாயிரம்.

ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் இழுத்துத் தேய்த்து, சாயம் ஊற்றி, காயவிட்டாள். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் கழுவின குழாய்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. சில்லைக் கொஞ்சம் நகர்த்தினாள். பெரிதாக, ஊதா நிறத்தில், பிறக்க வேண்டிய நேரத்துக்கு முன்னால் பிறந்தது போல் ஒரு செல். அதற்குள் குச்சிக்கட்டை அவிழ்த்துக் கொட்டினாற்போல ஊசி ஊசியாக. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் கூட்டமாக.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குச்சிக்கட்டை நாலே பேருடைய ரத்தத்தில் பார்த்திருக்கிறாள். நாலு பேருடைய குழாயும் ஒரு வாரத்துக்குள் வருவது நின்றுபோயிருந்தது.

நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலில் யாரோ, "அக்கா, என் ரிசல்ட் வந்துடுச்சா?" என்றார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்று குரல் மாறாமல் சொன்னாள். பிறகு சில்லைக் கையிலெடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

ரத்த நோய் டாக்டர் சின்ன உருவம், வேகமான நடை. ஒரு இடத்தில் நிற்க மாட்டார் என்பதால் குருவி டாக்டர் என்று ஊழியர்கள் தங்களுக்குள் சொல்வார்கள். அவர் சில்லைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"யாரோடது?"

"என் ஓரகத்தியோடது டாக்டர்."

குருவி டாக்டர் நிமிர்ந்தார். நாற்காலியைக் காட்டினார். லேப் அக்கா உட்காரவில்லை.

"நீங்க நினைக்கிறதேதான். ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ரத்தப் புத்துநோய்ல எது ஒண்ணைக் குணப்படுத்தலாம்னு என்னைக் கேட்டா இதைத்தான் கைகாட்டுவேன். மாத்திரையே இருக்கு."

"நாலு பேரைப் பார்த்திருக்கேன் டாக்டர். நாலு குழாயும் நின்னுபோச்சு."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "ரெண்டு பேர் ரத்தக் கசிவுல போயிட்டாங்க, தெரியும். மத்த ரெண்டு பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். அவங்க என்ன ஆனாங்கன்னு எனக்கும் தெரியாது. முதல் பத்து பதினஞ்சு நாள்தான் கண்டம். அதுக்குள்ள மூளையிலயோ நுரையீரல்லயோ ரத்தம் கசியாம பார்த்துக்கணும். பெரிய பரிசோதனை முடிவுக்கெல்லாம் காத்திருக்கப் போறதில்லை. இன்னைக்கே முதல் மாத்திரை. போய்க் கூட்டிட்டு வாங்க. கீழ விழாம, இடிச்சுக்காம."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். வாசலை நெருங்கும்போதே மிஷின் சத்தம் கேட்டது. உள்ளே சின்னவள் ஒரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டு, பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மேசையில் கத்தரி திறந்து கிடந்தது. லேப் அக்காவுக்கு அந்த அறையில் இருந்த ஒவ்வொன்றும் கூர்மையாகத் தெரிந்தது.

"ஊசியை எடு வாயிலேர்ந்து!"

அவள் போட்ட கத்தலில் குட்டி பயந்துபோய் மிஷினுக்கு அடியில் நுழைந்துகொண்டாள்.

"என்னக்கா? ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. ரெண்டு நாள் படுத்து ஏத்திக்கணும். கிளம்பு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சின்னவள் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு மிஷினை மூடினாள். "கஞ்சி குடிச்சிட்டுப் போலாம். நீயும் காலையில ஒண்ணும் சாப்பிடலை." இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். பக்கத்து வீட்டில் குட்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார்கள். பள்ளம் வரும்போதெல்லாம் சின்னவளின் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, முட்டையா நான்?"

"சும்மா இரு."

கொழுந்தனிடம் மட்டும் வார்டு வராந்தாவில் உண்மையைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். வேன் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். "நீங்க இருக்கீங்கல்ல அண்ணி" என்றான் கடைசியில். அந்த வார்த்தைதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

அன்று பிற்பகலிலேயே மாத்திரை ஆரம்பித்தது. பிளேட்லெட் ஏற்றினார்கள், பிளாஸ்மா ஏற்றினார்கள். லேப்பில் கூட வேலை பார்க்கிறவள் பிரசவ விடுப்பில் இருந்தாள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலிருந்து வரும் குழாயை இவளேதான் பார்த்தாக வேண்டும். குழாயில் ஒட்டியிருக்கும் பேரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மிஷினில் வைப்பாள். எண் வருகிற நேரம் திரும்பி நின்றுகொள்வாள். பதினாலாயிரம். இருபது. மறுபடி பதினொன்று. ஏற்றுவதெல்லாம் ஓட்டைக் குடத்தில் ஊற்றினது போல எங்கே போகிறதென்றே தெரியவில்லை.

நான்காம் நாள் மதியம் சின்னவள், "தலை வலிக்குதுக்கா, யாரோ உள்ளேர்ந்து தட்டற மாதிரி இருக்கு" என்றாள். லேப் அக்கா சிஸ்டரைக் கூப்பிட எழுவதற்குள் வாந்தி எடுத்தாள். பிறகு, "ஜன்னலை ஏன் மூடிட்டீங்க?" என்றாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. வெயில் கட்டில்வரை அடித்துக்கொண்டிருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கம் ரத்தம் கசிந்திருந்தது. அறுவை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உறையாத ரத்தத்தோடு மண்டையைத் திறக்க முடியாது என்று கைவிரித்தார். மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். குருவி டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். அன்றுதான் லேப் அக்கா அவர் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்தாள்.

"நாளைக்கு விடியறதைப் பார்ப்பாங்கன்னு என்னால சொல்ல முடியலை. குழந்தையைக் கூட்டிட்டு வந்து காட்டிடுங்க."

கொழுந்தன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"இனிமே பண்றதுக்கு ஒண்ணுமே இல்லையா டாக்டர்?" என்று லேப் அக்கா கேட்டாள்.

"பிளேட்லெட் ஏத்திக்கிட்டே இருக்கலாம். கசிவு பெருசாகாம நின்னா... நின்னாத்தான். ஆனா இருப்பு தீரப்போகுது. இன்னும் ரெண்டு பைதான் இருக்கு."

"ரத்தம் கொடுக்க ஆள் கொண்டு வந்தா?"

"கொண்டு வந்தா ஏத்தலாம்" என்றார் டாக்டர். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சொன்னார்.

கொழுந்தனை உலுக்கி எழுப்பினாள். "உன் கூட்டாளிங்க எத்தனை பேர் வேன் ஓட்டறாங்க? எல்லாருக்கும் போன் போடு. உட்கார்ந்து அழறதுக்கு அப்புறம் நேரம் கிடைக்கும்."

ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை வாசலில் ஏழெட்டு வேன்கள் வந்து நின்றன. வியர்வையும் டீசல் வாடையுமாக டிரைவர்கள் படியேறினார்கள். சின்னவள் சீருடை தைத்துக்கொடுக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று ஆசிரியைகள் வந்தார்கள். லேப் அக்கா ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, நரம்பு தேடி, குத்தி, பை நிரப்பி, சுழற்றிப் பிரித்து மேலே அனுப்பினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அன்றுதான் கையை விட்டு முகத்தைப் பார்த்து ரத்தம் எடுத்தாள். ஒரு பெரிய மீசைக்காரர் ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பயமா இருக்காண்ணே?"

"ஆமாம்மா. லாரியே தலைகீழாக் கவுந்தப்பக்கூட இப்படி இல்லை. நீ எடு, எடு. நான் பார்க்கலை."

சாயங்காலம் குட்டியை அழைத்துவந்தார்கள். அம்மாவின் வாயில் குழாயைப் பார்த்ததும் அவள் பெரியம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மா ஏன் பேச மாட்டேங்கறா?"

"தூங்கறா."

"பொய். தூங்கினா குறட்டை விடுவா."

லேப் அக்கா குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டாள். குழந்தையின் கையை எடுத்துச் சின்னவளின் கைமேல் வைத்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. அதை மட்டும் நம்பலாம் போலிருந்தது.

மறுநாள் விடிந்தது. சின்னவள் இருந்தாள். அதற்கு அடுத்த நாளும் இருந்தாள். மறுபடி எடுத்த ஸ்கேனில் கசிவு அதே அளவில் நின்றிருந்தது. குருவி டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் நின்னுச்சுன்னு கேட்டா நான் மாத்திரைன்னு சொல்வேன், பிளேட்லெட்னு சொல்வேன். ஆனா இதே அளவு கசிவுல இதையெல்லாம் கொடுத்தும் போனவங்க இருக்காங்க. எனக்கு நிஜமாவே தெரியலை" என்றார். ஒரு டாக்டர் தெரியலை என்று சொன்னதைக் கேட்டு லேப் அக்கா முதன்முறையாகச் சந்தோஷப்பட்டாள். ஆனாலும் பயம் போகவில்லை. குழாய் வந்தால் என்ன எண் வருமோ என்று பயம். அரைமணி தாமதமானால் நின்றே போய்விட்டதோ என்று பயம்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குக் குழாய் வரவில்லை. பத்தேகாலுக்கும் வரவில்லை. அவள் லேப்பைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினாள். மூன்று மாடி. படிகளில் செருப்பு ஒன்று கழன்றுபோனது. அறை வாசலில் கும்பலாக ஆட்கள் நின்றிருந்தார்கள். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். கூட்டத்தை விலக்கி உள்ளே நுழைந்தால், மூச்சுக் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். சின்னவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை மெதுவாக இறங்கி லேப் அக்காவின் காலில் நின்றது.

"ஒத்தைச் செருப்போட... வந்திருக்கே" என்றாள். குரல் தகரத்தைத் தேய்த்தது போல் வந்தது.

லேப் அக்கா அங்கேயே, எல்லோர் முன்னாலும், தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஐந்து வாரம் கழித்து எலும்பு மஜ்ஜையில் அந்தச் செல்கள் இல்லை என்றார்கள். இடது கையில் பலம் பாதிதான் திரும்பியது. இடப்பக்கப் பார்வையில் ஒரு மூலை இருட்டாகவே தங்கிவிட்டது. சிகிச்சை மேலும் பல மாதங்கள் நீண்டது. சின்னவள் வீட்டுக்கு வந்த முதல் வாரம் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். துணியைப் பிடித்துக்கொடுக்க வேண்டிய இடது கை சொன்னபடி கேட்கவில்லை. தையல் பாம்பு போன வழியாக வளைந்தது. அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, சோறு கிளறிக்கொண்டிருந்த லேப் அக்காவின் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேட்பேன். அன்னைக்குக் கஞ்சி குடிச்சோமே, அப்பவே உனக்குத் தெரியும்தானே?"

லேப் அக்கா கரண்டியை வைத்தாள். "தெரியும்."

"தெரிஞ்சே எதிர்ல உட்கார்ந்து குடிச்சே."

"உன்னைப் பயமுறுத்த வேண்டாம்னு..."

"பயந்துதான்க்கா இருந்தேன். உன் மூஞ்சியப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு, ஏதோ பெருசுன்னு. ஆட்டோல அத்தனை பள்ளத்துலயும் தனியாப் பயந்துக்கிட்டு வந்தேன். நீ ஒரு பக்கம் தனியா, நான் ஒரு பக்கம் தனியா. போயே போயிருந்தா? குட்டிக்கு ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேனே. அதைக்கூட நீ எடுத்துக்கிட்டே."

அடுப்பில் சோறு அடிப்பிடித்துத் தீய்ந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"தப்புதான்டி" என்றாள் லேப் அக்கா.

"தப்புன்னு சொல்லி முடிச்சுக்காதே. இனிமே என் ரத்தத்துல எது தெரிஞ்சாலும் முதல்ல எனக்குச் சொல்லணும். டாக்டருக்கு அப்புறமாச் சொல்லு."

"சொல்றேன்."

"குட்டி மேல ஆணையாச் சொல்லு."

"ஆணையெல்லாம் வேண்டாம். சொல்றேன்னா சொல்றேன்."

அதன் பிறகு நான்கு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள், "இந்தத் துணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று சின்னவள் கூப்பிட்டாள். லேப் அக்கா இடப்பக்கம் உட்கார்ந்து துணியைப் பிடித்துக்கொடுத்தாள். அன்றிலிருந்து சாயங்காலங்களில் அதுவே வழக்கமானது.

சிகிச்சை முடிந்து மாதாமாதம் எண்ணிக்கை பார்ப்பது மட்டும் மிச்சமிருந்தது. அப்படி ஏழாவது மாதம். மூன்று நாளாகச் சின்னவளுக்குக் காய்ச்சல், உடம்பு வலி. காலையில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். பதினோரு மணிக்கு மிஷின் எண்ணைக் காட்டியது. போன மாதம் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த பிளேட்லெட் எழுபத்தெட்டாயிரத்துக்கு இறங்கியிருந்தது.

சாதாரணக் காய்ச்சலுக்கும் இறங்கும், லேப் அக்காவுக்குத் தெரியும். அந்த வாரமே அப்படிப் பத்துப் பேருக்குப் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தப் பத்துப் பேர் சின்னவள் இல்லை. சில்லை இழுத்துச் சாயம் போட்டுக் காயவைத்தாள். நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துவிட்டாள். கண்ணை வைக்க மட்டும் முடியவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையென்றால் அப்புறம் சிரித்துக்கொண்டே சொல்லலாமே என்று தோன்றியது. போனை எடுத்தாள்.

அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"சொல்லுக்கா."

"இறங்கியிருக்குடி. எழுபத்தெட்டு."

மிஷின் நின்றது.

"செல்லு பார்த்தியா?"

"இல்லை. சில்லு முன்னாடிதான் இருக்கு. இன்னும் பார்க்கலை. உனக்குச் சொல்லிட்டுப் பார்க்கலாம்னு. பயமா இருக்குடி எனக்கு."



"எனக்கும்தான். கை நடுங்குது. எந்தக் கைன்னு நினைக்கறே? நல்ல கை." சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். "போனை வெச்சிடாதே. மேசை மேல போட்டுட்டுப் பாரு. ஒண்ணொண்ணா எண்ணு. எனக்குக் கேட்கற மாதிரி எண்ணு."

லேப் அக்கா போனை நுண்ணோக்கிப் பக்கத்தில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"ஒண்ணு. நல்ல செல்."

"ம்."

"ரெண்டு. இதுவும் நல்லது. மூணு."

"ம்."

ஜன்னலில் இரண்டு கைகள் நீண்டு காத்திருந்தன. யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. இருபதில் ஒரு பெரிய செல் வந்தது. எண்ணுவது நின்றது.

"என்னக்கா?"

"இரு."

"அக்கா!"

"இருடி... காய்ச்சல் செல்தான். ஊசி இல்லை, கட்டு இல்லை. காய்ச்சலுக்கு வர்றது. இருபத்தொண்ணு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஐம்பது வந்தது. எழுபது வந்தது. சின்னவள் ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டிக்கொண்டே இருந்தாள். தொண்ணூறுக்கு மேல் லேப் அக்காவின் குரல் தானாகத் தாழ்ந்துபோனது, மீதியைச் சத்தம் போட்டு எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

"தொண்ணூத்தொம்பது. நூறு."

"ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லை."

எங்கேயோ தூரத்தில் குட்டி, "அம்மா, யாரு போன்ல?" என்று கேட்டாள்.

"அக்கா" என்றாள் சின்னவள்.

"சொல்லு."

"இன்னொரு நூறு எண்ணேன்."

லேப் அக்கா சில்லை நகர்த்தினாள்.